குழியை மூடுவதற்கு முன்: இங்கிலாந்து வயல்களில் உலோகத் தேடல்

உழுது ரோலர் ஓட்டிய வயலில், விதை முளைத்து வருவதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் டிடெக்டர் என்ற உலோகம் காட்டும் கருவியைப் பிடிக்கிறவர்களுக்கு நல்ல காலம். மண் சமமாகக் கிடக்கும், காயில், அதாவது கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டு, தரையை ஒட்டிப் போகும், போன வருடம் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது இந்த வருடம் நாலு விரல் ஆழத்துக்கு ஏறியிருக்கும். கலப்பை மட்டும் ஓடி ரோலர் ஓடாத வயலில் இறங்குவது பெரும்பாலும் வீண். சாலுக்கும் மேட்டுக்கும் நடுவே காயில் தொங்கிக்கொண்டு போவதால் 5 முதல் 10 செ.மீ. ஆழம் வெறும் காற்றிலேயே போய்விடும். ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை முடிந்த வயலிலும் இதே தொல்லை. கோதுமைத் தாள் முட்டுக்கொடுத்துக் காயிலைத் தூக்கிவிடும். மழை பெய்த மறுநாள் போனால், காய்ந்த மண்ணில் கேட்காத சிக்னல் கேட்கும்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அயர்லாந்துக் குடியரசில் அனுமதி இல்லாமல் பழம்பொருளைத் தேடி டிடெக்டரை எடுத்துப் போவதே குற்றம். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்து கையில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். இலங்கையில் 1940-இன் தொல்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் பழம்பொருளுக்காகத் தோண்டவே கூடாது. ஆகையால் இதைப் படித்துவிட்டு ஊர் ஆற்றங்கரையில் டிடெக்டரோடு இறங்க வேண்டாம்.

இங்கிலாந்திலும் வயலுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. குத்தகை விவசாயி தலையாட்டினால் போதாது. நிலத்தின் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தெந்த வயல், எதுவரை, கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. பாதிக்குப் பாதி என்பதுதான் வழக்கம். அடுத்து, அந்த வயலில் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் உண்டா என்று தொல்சின்னங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் வரைபடத்தில் பாருங்கள். அந்த எல்லைக்குள் ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரை ஓட்டுவதே 1979-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். தோண்டினால்தான் குற்றம் என்றில்லை. வயலின் ஒரு மூலை மட்டும் எல்லைக்குள் இருப்பதும் உண்டு. அந்த மூலையை வேலிக்கம்பத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்து முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது வருகிற பல அலைவரிசைக் கருவிகள் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஒரே அலைவரிசையில் ஓட்டுவதானால், பெரிய செம்புக்கும் வெள்ளிக்கும் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஆழம் கிடைக்கும். மெல்லிய சிறு வெள்ளிக் காசுக்கு 15-க்கு மேல் போக வேண்டும். கவனம் வேண்டியது அமைப்பில். உலோகம் இல்லாத இடத்தில் காயிலைத் தரையிலிருந்து ஒரு முழங்கை உயரம்வரை ஏற்றி இறக்கி, மண்ணின் சொந்த ஒலி கேட்காதபடி கருவியைச் சமன் செய்யுங்கள். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, உச்சத்தில் வைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. கருவி ஓயாமல் கீச்சிட்டால் உண்மைச் சிக்னல் அதற்குள் மறைந்துபோகும். 25 வரை போகும் கருவியில் 18, 20 போதும். பக்கத்தில் இன்னொருவர் ஓட்டினால் இருவருக்கும் நடுவே இருபது மீட்டராவது விடுங்கள். இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டிருந்தால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் சத்தம் வரும். பலர் இதைத் தெரியாமல் வயலையே திட்டுகிறார்கள்.

இரும்பை முழுதாக அடக்கி வைக்கும் ஏற்பாடுதான் பெரிய ஏமாற்று. ரோமர் வீடு இருந்த இடம் என்றால் மண்ணெல்லாம் ஆணி. ஆணிக்கு ஒட்டிக் கிடக்கும் காசை, அடக்கிய கருவி ஆணியோடு சேர்த்து விழுங்கிவிடும். இரும்பின் தாழ்ந்த ஒலி காதில் விழட்டும். அதன் நடுவே ஒரு கீற்றுப் போல் வரும் உயர்ந்த ஒலியைப் பிடிக்கப் பழகுங்கள். அந்த இடத்தில் 6 அங்குலச் சின்னக் காயிலை மாட்டி, வழக்கத்தில் பாதி வேகத்தில் போங்கள். தட்டையான பெரிய இரும்பு உயர்ந்த ஒலி தந்து ஏமாற்றும். கலப்பைக் கொழு இதில் கெட்டிக்காரன். நின்ற இடத்திலிருந்து தொண்ணூறு பாகை திரும்பி வீசிப் பாருங்கள். காசென்றால் திரையில் உலோகத்துக்குக் காட்டும் எண் அப்படியே நிற்கும், இரும்பென்றால் தாவும் அல்லது மறையும். காயிலை ஒரு சாண் உயர்த்தியும் ஒலி குறையாவிட்டால் கீழே கிடப்பது பெரிய பொருள்.

எண்ணை மட்டும் நம்பித் தோண்டாமல் போவதும் தவறுதான். பியர் டப்பாவின் வளையமும் தங்க மோதிரமும் திரையில் ஒரே எண்ணைக் காட்டும். பென்னி என்ற வெள்ளிக் காசை நாலாக வெட்டிய கால்துண்டு சாக்லேட் தாளின் எண்ணிலேயே வரும். பத்தில் எட்டு குப்பையாக இருந்தாலும் தோண்டத்தான் வேண்டும். வயலில் பசுங்கழிவு உரம் கொட்டியிருந்தால் மட்டும் கதை வேறு. தோட்டக் கழிவோடு அரைபட்ட அலுமினியத் துணுக்குகள் ஒவ்வொரு அடியிலும் சிணுங்கும். மண்ணின் மேல் வண்ணப் பிளாஸ்டிக் துணுக்குகள் தெரிந்தால் அதுதான் அடையாளம். அந்த வயல் நிறைய வருடங்களுக்குத் தேறாது, இன்னொன்றுக்குப் போங்கள்.

தோண்டுவது எப்படி

குறுக்கும் நெடுக்குமாக வீசி, ஒலி உச்சமாகும் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பிடியுங்கள். மண்வெட்டியை அந்தப் புள்ளியில் இறக்கக் கூடாது, பத்து செ.மீ. தள்ளிச் செங்குத்தாக இறக்கிக் கட்டியாகப் பெயர்க்க வேண்டும். வெளிச்சந்தைக்கு வருகிற காசுகளில் புதிதாக மின்னும் வெட்டுக்காயம் இருந்தால், அது பெரும்பாலும் அவசரக் கையின் வேலை. கட்டியைக் காயிலின் மேல் காட்டி, ஒலி அதில் இருக்கிறதா குழியில் இருக்கிறதா என்று பார்த்து, பின்பாயின்டர் என்ற கையடக்கச் சிறு டிடெக்டரால் தேடுங்கள். புல்வெளியானால் மூன்று பக்கம் வெட்டி, நாலாம் பக்கத்தைக் கீல் போல் விட்டு, புல்லை மடக்கித் திறக்க வேண்டும். மண்ணை ஒரு தார்ப்பாய்த் துண்டில் குவித்து, திரும்பக் கொட்டி, மிதித்து மூடுங்கள். மூடாத குழியில் மாடு கால் வைத்தால் அனுமதி அன்றோடு போயிற்று. அனுமதி போவதைவிட மாட்டின் கால் போவது பெரிது.

ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. கலப்பை கிளறிய மண் 20 முதல் 30 செ.மீ. வரை. அதற்குக் கீழே நிறமும் இறுக்கமும் மாறும். மண்வெட்டியின் முனையிலேயே அது தெரியும். மேலே கிடப்பது ஏற்கெனவே இடம் பெயர்ந்தது. கீழே இருப்பது யாரோ வைத்த இடத்தில் வைத்தபடியே இருப்பது. ஒலி அந்தக் கோட்டுக்குக் கீழிருந்து வந்தால் நிறுத்துங்கள். குழியில் அடுத்தடுத்து இரண்டு மூன்று காசு வந்தாலும் நிறுத்துங்கள்.

ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கு ஹாக்ஸ்ன் ஒன்றே போதும். 1992 நவம்பர் 16 அன்று சஃபக் மாவட்டத்து அந்த வயலில் எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு தேடியது, குத்தகை விவசாயி தொலைத்த ஒரு சுத்தியலை. வந்தது ரோமர் காலத்துப் பொன், வெள்ளிக் காசுகளும் கரண்டிகளும். கொஞ்சம் எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மண்ணோடு மண்ணாக எடுத்தார்கள். மரம் மக்கிப் போயிருந்தும், ஏறக்குறைய 60 செ.மீ. நீளமுள்ள பெட்டி ஒன்று இருந்ததும், அதற்குள் சின்னப் பெட்டிகள் இருந்ததும், எது எதன்மேல் அடுக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தன. சுமார் 15,000 காசுகள். அவற்றோடு நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். பெண்ணுருவில் செய்த ஒன்றின் அடித்தட்டைத் திருகினால் நிரப்ப ஒரு நிலை, தூவ ஒரு நிலை, மூட ஒரு நிலை. அந்த மிளகு போனது தென்னிந்தியாவிலிருந்து. சேரநாட்டுக் கொடியில் காய்த்தது, ஆயிரத்தறுநூறு வருடத்துக்கு முன் சஃபக்கில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை போயிருக்கிறது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

2015-இல் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் வாட்லிங்டனில் கிடைத்த வைக்கிங் காலப் புதையல் உடனே தெரிவிக்கப்பட்டு, மண் கட்டியாகவே பெயர்த்து ஆய்வகத்துக்குப் போனது. பக்கத்துப் பக்கத்து நாடுகளை ஆண்ட ஆல்ஃபிரட், இரண்டாம் கியோல்வுல்ஃப் என்ற இரு அரசர்களும் ஒரே வகைக் காசை வெளியிட்டிருந்தது அதில் தெரிந்தது. வரலாற்றில் ஒதுக்கப்பட்டிருந்த கியோல்வுல்ஃபை மறுபடி எடைபோட வைத்த சான்று அது. அதே ஆண்டு ஹெர்ஃபர்ட்ஷயரில் ஏறக்குறைய அதே காலத்துப் புதையல் கிடைத்தது. சுமார் 300 காசுகள் இருந்ததாகக் கணக்கு. எடுத்தவர்கள் மறைத்து விற்றார்கள், 2019-இல் சிறைக்குப் போனார்கள். காசுகளில் பெரும்பகுதி இன்னும் கண்ணில் படவில்லை. அது சொல்லியிருக்கக்கூடியதும் அதோடு போயிற்று.

இடத்தைக் குறிப்பது

ஒவ்வொரு பொருளும் தனிப் பை. பையின் மேல் பென்சிலில் எண். குறிப்பேட்டில் அதே எண்ணுக்கு நேரே, வரைபடக் கட்டத்தில் இடத்தைச் சொல்லும் பிரிட்டிஷ் கிரிட் குறியீடு. இரண்டு எழுத்தும் பத்து இலக்கமும் ஒரு மீட்டர் துல்லியம். எட்டு இலக்கம் பத்து மீட்டர், ஆறு இலக்கம் நூறு மீட்டர். ஆறு இலக்கம் பதிவுக்கு உதவாது. கையடக்க ஜிபிஎஸ் வைத்திருப்பவர்கள் அது எந்த அளவைமுறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கட்டத்துக்குப் பதில் உலக அளவைமுறையில் விட்டுவிட்டு வரைபடத்தில் புள்ளி வைத்தால் நூறு மீட்டர் வரை தள்ளிப் போகும், பக்கத்து வயலில் போய் விழும். "வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்" என்று ஒரே பையில் போட்டால் எழுத ஒன்றுமிருக்காது.

இது வெறும் கணக்கு வேலை இல்லை. 1485-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்ட் இறந்த பாஸ்வர்த் போர் நடந்த இடம் என்று நெடுங்காலமாக ஒரு குன்றைக் காட்டி வந்தார்கள். 2005 முதல் பல வருடம் டிடெக்டரோடு கோடு கோடாக நடந்து ஒவ்வொரு புள்ளியையும் குறித்ததில், 30-க்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளும், ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி வடிவில் பொன்முலாம் பூசிய வெள்ளிப் பதக்கம் ஒன்றும் கிடைத்தன. போர்க்களம் ஏறக்குறைய 3 கி.மீ. தள்ளிப் போயிற்று. ஈயக் குண்டை எடைபோட்டாலே ஒரு செய்தி கிடைக்கும். ஒரு பவுண்ட் ஈயத்தில் பன்னிரண்டு வார்க்கும் அளவென்றால் ஒன்று 37, 38 கிராம். அது 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின் மஸ்கெட் துப்பாக்கிக்குரியது. அதில் பாதிக்கும் குறைவென்றால் பெரும்பாலும் பிஸ்டல்.

என்னவென்றே தெரியாத பொருள்

முதலில் கையில் எடுத்துத் தேய்க்காதீர்கள். நீளம், தடிமன், எடை, காந்தம் ஒட்டுகிறதா, உடைந்த விளிம்பு எது, முழு விளிம்பு எது. இவற்றை எழுதிய பிறகு, பக்கவாட்டிலிருந்து விழும் ஒரே வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம். நேரே அடிக்கும் ஃபிளாஷில் தேய்ந்த எழுத்து காணாமலே போகும். பிறகு கேட்க வேண்டிய கேள்வி, இது எதோடு, எப்படி இணைந்திருந்தது என்பது. அலங்காரம் ஏமாற்றும், ஆணித்துளை, கீல், கொக்கி, காது, சுருள் ஏமாற்றாது.

ஒரு எடுத்துக்காட்டு. சுண்டுவிரல் நீளம், நாக்கு வடிவில் ஒரு செம்புக்கலவைத் தகடு. அகன்ற முனை இரண்டு ஏடாகப் பிளந்திருக்கிறது, அதில் இரண்டு சிறு ஆணித்துளை. குறுகிய முனையை எதிரே பிடித்துப் பார்த்தால் இரண்டு காது, அதற்குக் கீழே இரண்டு கண், மழுங்கிய மூக்கு. ஒரு விலங்கின் முகம். பிளவில் தோல்வாரைச் செருகி ஆணி அடித்திருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்ஸன் வார்முனை. உடைந்த கரண்டிக் காம்பென்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, காசளவு ஈய வட்டம். ஓரத்தில் ஒரு வால், நடுவில் குமிழ். உட்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் பாவும் ஊடும் பதிந்த தடம். துணி முத்திரை. நெசவு முடிந்த துணியின் ஓரத்தில் இரண்டு ஈய வட்டத்தை நடுவே துணி வைத்து நசுக்கி, வரி கட்டியதற்கும் தரத்துக்கும் சாட்சியாகக் குத்தியது. துணி மக்கி ஐந்நூறு வருடம் ஆனாலும் அதன் இழையை எண்ணலாம். நெசவூரில் பிறந்த யாரும் இதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

மஞ்சளாக, காகிதம் போல் மெல்லியதாக, பெரிய வட்டம் வந்தால் தங்கக் காசென்று குதிக்க வேண்டாம். ஒரு பக்கம் மூன்று வளைவுக்குள் சிலுவை ஏந்திய உருண்டை, மறுபக்கம் ரோஜாவைச் சுற்றி மூன்று கிரீடமும் மூன்று லில்லிப் பூவும். ஜெர்மனியின் நூரம்பர்க்கில் பித்தளையில் அடித்த ஜெட்டன் இது. கட்டம் போட்ட துணியில் வைத்துக் கூட்டிக் கழிக்கும் கணக்குக் காசு, 16, 17-ஆம் நூற்றாண்டுப் பொருள். ஹான்ஸ் கிராவின்கெல் பெயர் போட்டது அதிகம் வரும்.

ஒழுங்கற்ற மெல்லிய வெள்ளி என்றால் சம்மட்டியால் அடித்த காசு. பென்னி 18 மி.மீ. பக்கம், ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் கீழே. பின்பக்கச் சிலுவை விளிம்பைத் தொட்டால் 1247-க்குப் பிந்தையது, தொடாமல் உள்ளேயே நின்றால் 1180 முதல் 1247 வரை. 1279-80-இல் வட்டமான அரைக்காசு, கால்காசு வரும் வரை, சில்லறைக்கு அந்தச் சிலுவைக் கோட்டிலேயே காசை வெட்டினார்கள். அதனால் பாதித்துண்டும் கால்துண்டும் உடைசல் இல்லை, அதுவே முழுச் சில்லறை. "நிகோலே ஆன் லுந்த்" என்று எழுத்து ஓடினால், லண்டனில் நிகோலே என்ற அக்கசாலையாள் அடித்தது என்று பொருள். சின்ன ரோமச் செப்புக் காசில் இரண்டு வீரர்கள் நிற்கிறார்களா, நடுவே உள்ள கொடிக்கம்பங்களை எண்ணுங்கள். இரண்டென்றால் 330 முதல் 335 வரை, ஒன்றென்றால் 335-க்குப் பின். 4-ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் இலங்கையிலும் மதுரையிலும் கிடைப்பதால், இதைப் பழகிய கண் அங்கும் உதவும்.

உருண்டை மணிக்குள் சிறு குண்டு குலுங்கினால் அது நம்மூர்ச் சலங்கையின் பெரியண்ணன். ஆட்டுக்கும் குதிரைக்கும் கட்டியது. அடியில் ஆர், டபிள்யூ என்று எழுத்திருந்தால் ஆல்போர்ன் ஊரின் ராபர்ட் வெல்ஸ் வார்ப்பகம். உருவமே இல்லாத கனத்த செம்புக் கட்டிகள் இரண்டு மூன்று ஒரே இடத்தில் வந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். வெண்கலக் கால வார்ப்புக்காரர் ஒதுக்கி வைத்த மூலப்பொருளாக இருக்கக்கூடும். அன்னாசி போலக் கட்டம் போட்ட இரும்பு உருண்டையோ, செம்பு வளையம் பூண்ட உருளையோ வந்தால் தொடவே வேண்டாம். போர்க்கால வெடிகுண்டு. இடத்தைத் தூரத்திலிருந்து குறித்து, விலகி, 999-ஐக் கூப்பிடுங்கள்.

கழுவுவது

நம் வீடுகளில் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற பழக்கம் கையில் ஊறியது. அதை இங்கே மறந்துவிட வேண்டும். பழஞ்செம்பின் பச்சைக் களிம்பில்தான் எழுத்தும் உருவமும் நிற்கின்றன. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் களிம்போடு முகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மிஞ்சுவது சிவந்த, குழிவிழுந்த ஒரு வில்லை. காய்ச்சி வடித்த நீர், மெல்லிய தூரிகை, அதுவும் வீட்டில். தங்கத்தை மட்டும் தண்ணீரில் அலசலாம். வெளிர்பச்சைப் பொடி உதிரும் செம்புக்கு உப்பின் நோய் பிடித்திருக்கிறது; சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் உலர்வாகத் தனியே வையுங்கள். தோலோ மரமோ நூலோ ஒட்டியிருந்தால் இதற்கு நேரெதிர்: ஈரம் காயாமல் வைத்து அன்றே தொலைபேசி.

யாரிடம் காட்டுவது

பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருளைப் பதிய 1997 முதல் நடக்கும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற திட்டத்தின் பொருள்பதிவு அலுவலர் அந்தந்தப் பகுதிக்கு உண்டு. காட்டக் கட்டணம் இல்லை, பொருள் பிறகு உங்களிடமே வரும். புதையல் என்று சட்டம் சொல்வதென்றால் 14 நாளுக்குள், புதையலை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். 300 வருடத்துக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது பொன்னோ வெள்ளியோ உள்ள பொருள். அதே தகுதியுள்ள காசு இரண்டாவது ஒரே இடத்தில். வெறும் செம்புக் காசென்றால் பத்தாவது. வரலாற்றுக்கு முந்தைய செம்பு, வெண்கலப் பொருள் இரண்டாவது. 2010-இல் கம்பிரியாவின் கிராஸ்பி கேரட்டில் கிடைத்த ரோமக் குதிரைவீரனின் முகக்கவசத் தலைக்காப்பு செம்புக்கலவை, அதுவும் ஒன்றே ஒன்று. சட்டத்துக்குள் வராமல் ஏலத்தில் இருபத்திரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் விலைக்குத் தனியாரிடம் போனது. அந்த ஓட்டையை 2023 ஜூலை 30 முதல் அடைத்துவிட்டார்கள்: 200 வருடத்துக்கு மேற்பட்ட, தனிச்சிறப்பு வாய்ந்த எந்த உலோகப் பொருளும் இப்போது புதையல்தான்.

அலுவலருக்கும் தெரியாத பொருள் வரும். பெல்ஜியத்தின் கோர்ட்டெசெம் அருகே ஒரு டிடெக்டர்காரர் எடுத்தது, ஒரு மூலையில் குமிழும் வட்டத்துளையின் ஒரு வளைவும் மட்டும் மிஞ்சிய செம்புத் துண்டு. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. டோங்கரன் அருங்காட்சியகத்தில், அது ரோமர் காலப் பன்னிரண்டுமுகக் கூட்டின் துண்டு என்று தெரிந்தது. நூற்றுக்கு மேல் கிடைத்தும் எதற்குப் பயன்பட்டது என்று யாருக்கும் இன்னும் தெரியாத பொருள் அது. அதனால் 'தெரியாதவை' என்று ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பையிலும் கிரிட் எண்ணோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். இடையில் பார்த்த ஏதோ ஒரு படம் கண்ணில் தட்டும். ஈயத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அட்டைப்பெட்டியின் ஆவியிலும் ஓக் மரத்தின் ஆவியிலும் ஈயம் வெள்ளைப் பொடியாகிவிடும். அதற்குத் தனிப் பிளாஸ்டிக் டப்பா, எடுத்து வைத்ததும் கைகழுவல்.